சிறுமுதலும் பெருநம்பிக்கையும்

மக்கள் வாழ்க்கைக்குப் பொருள் இன்றியமையாதது. அப்பொருளை ஈட்டுதற்கு உழைப்பு ஒரு வழி. ஈட்டியதனைப் பிறர் நடத்தும் தொழிலில் முதலாக இட்டு, அத்தொழிலின் ஊதியத்திற் கூறு பெறுதல் மற்றொரு வழி. முன்னாளில் இவ்விரண்டாம் வழி பெரும்பாலும் செல்வர்க்கே உரியதாயிருந்தது. இந்நாளிலோ, செல்பேசி ஒன்று கையிலிருப்பின், சில நூறு ரூபாய் உடையாரும் ஒரு பெருங் கம்பெனியின் பங்காளி ஆகலாம். பங்குகளைத் தாட்சீட்டாகவன்றி மின்பதிவாக வைத்திருக்கும் கணக்கிற்கு டிமாட் கணக்கு என்று பெயர். 2020 மார்ச்சில் நம் நாட்டில் ஏறக்குறைய 4 கோடியாயிருந்த அக்கணக்குகள், 2024 மார்ச்சில் 15 கோடிக்கு மேற்பட்டன. இக்கணக்குகளின் பின்னே எத்துணையோ எளிய குடும்பங்களின் நம்பிக்கை நிற்கின்றது. அந்நம்பிக்கை எதன்மேல் எழுகின்றது, எங்கே நிலைபெறும், எங்கே சரியும் என்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. சென்ற விடுமுறையில் திருப்பரங்குன்றத்தில் என் சிற்றப்பா இல்லத்திற் சில நாள் தங்கியிருந்தேன். அவர் லேத்துப் பட்டறை ஒன்றிற் பணிபுரிபவர். தம் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். ஒருநாள் இரவு, குடும்ப ஜெபம் முடிந்தபின், தம் செல்பேசியில் ஒரு காட்சியை எனக்குக் காட்டினார். அதில் ஒருவர், இனிய தமிழில், ஒரு கம்பெனியின் பெருமையை விரித்துரைத்தார். அக்கம்பெனி ‘கிளவுட்’ என்னும் முகில்வழி ஒளிக்காட்சிகளை உலகெங்கும் அனுப்புவதாம்; அதன் பங்கு இரண்டாண்டிற் பன்மடங்காகுமாம்.

“தம்பி, நீ காலேஜில் படிக்கிற பிள்ளை, நீயே சொல். உலகமெல்லாம் இப்போது படத்தைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறது? அந்தப் படத்தை அனுப்புகிற கம்பெனி எப்படி நட்டப்படும்? இந்தப் பணத்தை அதில் போட்டால், உன் தங்கச்சிக்கு மூன்று வருஷத்துக் கட்டணமும் வந்துவிடாதா?” என்றார்.

“சித்தப்பா, நான் படிப்பது தமிழ். பங்கு விஷயம் எனக்குத் தெரியாதே” என்றேன்.

“தமிழ் படித்தால் என்ன? இவரும் தமிழில்தானே சொல்கிறார்!” என்றார் அவர்.

அவ்விடைக்கு யான் மறுமொழி கூற இயலவில்லை. அன்று கூறாத விடையை ஈண்டுக் கூற முயல்கின்றேன்.

1. பங்கு என்பது யாது?

பங்கு என்னும் சொல் நமக்குப் புதியதன்று. கண்மாய் நீரிற் பங்கு, அறுவடையிற் பங்கு, குடும்பச் சொத்திற் பங்கு என நாட்டுப்புறத்தார் நாள்தோறும் வழங்குவர். இவற்றிலெல்லாம் பங்கு என்பது கூறு. விளைச்சல் மிக்கவழிக் கூறுடையான் மிகுதி பெறுவான்; குறைந்தவழிக் குறைவு பெறுவான்; விளையாதவழி ஒன்றும் பெறான். கம்பெனிப் பங்கும் இத்தகையதே.

கம்பெனிக்குக் கடன் கொடுத்தவன் வேறு. அதன் பங்கை வாங்கினவன் வேறு. கடன் கொடுத்தவனுக்குக் குறித்த வட்டி உண்டு. குறித்த நாளில் முதலைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் உண்டு. பங்காளிக்கு அவ்விரண்டும் இல்லை. கம்பெனி கலைக்கப்படுமாயின், கூலி, கடன், வரி முதலியனவெல்லாம் தீர்ந்தபின் எஞ்சியதே அவனுக்குரியது; பலகால் எஞ்சுவது யாதுமில்லை. இதற்கீடாக அவனுக்கு இருவகை நன்மை உண்டு. தொழில் வளரின் அவன் கூறும் வரையறையின்றி வளரும். தொழில் வீழின், தான் இட்ட முதலுக்குமேல் அவன் கைப்பொருளையோ வீட்டையோ ஒருவரும் கேட்கவியலாது.

பங்கைப் பெறும் வழியும் இரண்டு. கம்பெனி புதிதாக வெளியிடும் பங்கை வாங்குதல் ஒன்று. அவ்வழி கொடுத்த பணம் கம்பெனியின் முதலாகித் தொழிலுக்குப் பயன்படும். முன்னரே பங்குடையார் ஒருவரிடமிருந்து வாங்குதல் மற்றொன்று; அவ்வழி கொடுத்த பணம் விற்றவரையே சேரும், கம்பெனிக்கு ஒரு காசும் சேராது. சந்தையில் நாள்தோறும் நிகழ்வது பெரும்பாலும் இவ்விரண்டாவதே. ‘கம்பெனியிற் பணம் போட்டேன்’ என்று கூறுவாருட் பலர், உண்மையில், அக்கம்பெனியை விட்டு நீங்க விரும்பினார் ஒருவர்க்கே பணம் கொடுத்தவராவர்.

தமிழில் ‘முதல்’ என்னும் சொல் தொடக்கத்தையும், வேரையும், வாணிகத்தில் இடும் பொருளையும் ஒருங்கே குறித்தல் கருதத்தக்கது. வேரற்ற மரம் மீண்டும் தளிர்ப்பதில்லை. வள்ளுவனாரும் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தில், கைமுதலையே அழிக்கும் ஊதிய ஆசையை அறிவுடைமையாகக் கொண்டாரல்லர்.

மதுரைக்கு வந்த சிறுமுதலாளருள் நாம் நன்கறிந்தவன் கோவலன். குலப்பொருளை இழந்தபின், மனைவியின் சிலம்பையே முதலாகக் கொண்டு, இழந்ததை ஈட்டலாம் என்னும் நம்பிக்கையோடு அவன் இந்நகர்க்கு வந்தான். அச்சிலம்பு போலியன்று, அதனுள் இருந்த பரல் மாணிக்கமே. எனினும், தன்னெதிர் நின்ற பொற்கொல்லன் எத்தகையன் என்பதனை அவன் ஆராய்ந்திலன். பொருள் நன்றாயிருந்தும் பேரம் தீதாய் முடிந்தது. பொருளின் நன்மை ஒன்று, பேரத்தின் நன்மை மற்றொன்று என்னும் இவ்வேறுபாடே இக்கட்டுரை முழுதும் தொடர்ந்து வரும் கருத்தாகும்.

2. தூத்துக்குடிக் கப்பல்

‘யாவரும் விரும்பும் தொழில் எங்ஙனம் நட்டப்படும்?’ என்பது என் சிற்றப்பாவின் வினா. இவ்வினாவிற்கு நம் தென்னாட்டு வரலாறே ஒரு விடை வைத்திருக்கின்றது.

தூத்துக்குடிக்கும் கொழும்பிற்கும் இடையே ஓடிய கப்பல் வாணிகம் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியாரின் கையில் இருந்தது. அதனை எதிர்த்து, வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் முயற்சியால், 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. அதன் முதல் 10 லட்சம் ரூபாய், பங்குகள் 40,000, பங்கொன்றின் விலை 25 ரூபாய். தலைவராய் அமர்ந்தவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பார் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் அளித்தார். பாரதியார் தம் ‘இந்தியா’ இதழ் வாயிலாக இம்முயற்சிக்குத் துணை நின்றார். அந்நாளில் 25 ரூபாய் எளியார்க்குச் சிறுதொகையன்று. ஆயினும், வாணிகர்க்கு மட்டுமன்றி அவர்க்கும் எட்டும் அளவினதாய்ப் பங்கு வகுக்கப்பட்டிருந்தது.

முதலிற் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி ஓட்டினர். எதிர்க் கம்பெனியாரின் நெருக்குதலால் வாடகைக்கு விட்டோர் பின்வாங்கினர். அதன்மேற் சொந்தக் கப்பல் வாங்கத் துணிந்து, 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைக் கொணர்ந்தனர். மக்கள் சுதேசிக் கப்பலையே நாடினர். அதுகண்ட எதிர்க் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தனர். சுதேசிக் கம்பெனியாரும் குறைத்தனர். பின்னர் எதிர்த்தரப்பார் கட்டணமின்றியே ஏற்றிச் செல்லவும் முன்வந்தனர். பயணிகட்குக் குடையும் இனாமாக அளித்தனர் என்று கூறுவர். பெருமுதல் உடையார் நட்டத்தை நெடுநாள் தாங்குவர். சிறுமுதல் உடையார் தாங்கார். 1908 மார்ச் 12ஆம் நாள் சிதம்பரம் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். அவ்வாண்டு ஜூலையிற் கொடுந்தண்டனை விதிக்கப்பட்டது. அது பின்னர் மேல்முறையீட்டிற் குறைக்கப்பட்டது. தலைவனை இழந்த தொழில் தளர்ந்தது. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அவர் 1912 டிசம்பரில் வெளிவந்தபோது, அவர் ஓட்டிய கப்பல் ஒன்றும் அவர்க்கு எஞ்சியிருக்கவில்லை.

இக்கம்பெனி மக்களால் வெறுக்கப்பட்டதன்று. அதற்குப் பயணிகள் இல்லாமலுமில்லை. மக்கள் விருப்பம், தலைவரின் நேர்மை, தொழிலின் தேவை ஆகிய மூன்றும் இருந்தும், பங்கு கொண்டோர்க்கு ஊதியம் கைகூடவில்லை. ஆகவே, ஒரு தொழில் யாவர்க்கும் வேண்டியதாயிருத்தல் அதன் பங்காளிக்கு ஊதியம் தருதற்குப் போதிய காரணமாகாது. எதிர்நிற்பார் எவர், அவர் எத்துணைக் காலம் நட்டத்தைத் தாங்கவல்லார், தொழில் ஒருவர் தோளிலேயே நிற்கின்றதா என்பனவும் எண்ணத்தக்கன.

மற்றொன்றும் ஈண்டுக் கூறவேண்டும். சுதேசிப் பங்கை நாட்டன்பினால் வாங்கினோர் ஏமாந்தவரல்லர். கடல்மேல் நம்மவர் கப்பல் ஓடவேண்டும் என்பதற்காகவே அவர் கொடுத்தனர், அஃது ஓடியது. தாம் எதனை வாங்குகின்றோம் என்பதனை அவர் அறிந்திருந்தனர்.

அதே 1906 அக்டோபரில், 22ஆம் நாள், சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. அதில் பணம் இட்டிருந்தோர் பங்காளிகளல்லர். வட்டியை நம்பிப் பணம் வைத்தவர். பாதுகாப்பானது என்று எண்ணியே வைத்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பின்னர்ச் சிறைத்தண்டனை பெற்றார். பணம் இட்டோர் தாம் எதனை வாங்கினோம் என்பதனை அறியாதிருந்தனர். நம்பியது பெயரை மட்டுமே. இவ்வீழ்ச்சியின் பயனாக 1907இல் இந்தியன் பாங்க் தோன்றியது என்பது வேறு கதை. ஒரு கிழமை இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவார்க்கு, பணத்தை இழந்தோர் எல்லாரும் ஒரு நிலையினரல்லர் என்பது விளங்கும்.

3. முகிலும் ஒளிக்காட்சியும்

இனி, என் சிற்றப்பாவின் கருத்தைக் கவர்ந்த தொழில் எத்தகையது எனக் காண்போம்.

திருப்பரங்குன்றத்தைப் பாடும் பரிபாடற் பாட்டொன்று, அக்குன்றிலிருந்த ஓவிய மண்டபத்தைக் கூறுகின்றது. அங்கு வந்தோர் ஒவ்வோர் ஓவியத்தையும் சுட்டி இஃது யாது, இவர் யார் என வினவினர் என்றும், அறிந்தார் விடை கூறினர் என்றும் அதனால் அறிகின்றோம். அன்று படத்தைக் காண மக்கள் குன்றுக்குச் சென்றனர். இன்று படம் மக்களைத் தேடி அவரவர் கைக்கே வருகின்றது. இடையில் நிற்பதே இம்முகில்.

முகில் என்பது வானில் உள்ளதன்று. பெருங்கூடங்களில் அடுக்கடுக்காய் வைக்கப்பட்டு, இரவும் பகலும் குளிர்விக்கப்படும் பல்லாயிரங் கணினிகளே அவை. முன்னாளில் ஒரு தொலைக்காட்சி நிலையம் தானே விலையுயர்ந்த பொறிகளை வாங்கி, துணைக்கோள் வழியாகப் படத்தை அனுப்பியது. இப்பொழுது அவ்வேலையைத் தொலைவிலுள்ள கணினிகளில் இயங்கும் மென்பொருளே செய்கின்றது. படத்தைச் சுருக்குதல், பல நாட்டிற்கு ஒரே நேரத்தில் அனுப்புதல், பார்ப்பவர்க்கேற்ற விளம்பரத்தை இடையே சேர்த்தல் ஆகியன இத்தொழிலின் பகுதிகள். பொறி வாங்கும் செலவு நீங்குதலின் வாடிக்கையாளர்க்கு நன்மை; திங்கள்தோறும் கட்டணம் வருதலின் கம்பெனிக்கும் நன்மை. ஆயினும், இக்கம்பெனிகளுட் பல சொந்தமாகக் கணினிக்கூடம் உடையனவல்ல. அமேசான், கூகிள், மைக்ரோசாப்ட் போன்ற பெரியோரிடம் வாடகைக்கு எடுத்தே தொழில் நடத்துகின்றன. ஆகவே பார்ப்போர் பெருகப் பெருக வருவாயோடு வாடகையும் பெருகும். வாடகைக்கு விடும் அப்பெரியோரே நாளைப் போட்டியாளராகவும் எழலாம். வாடகைக் கப்பலை நம்பிய தூத்துக்குடியாரின் இடர்ப்பாடு ஈண்டு நினைவிற்கு வருதல் இயல்பே.

என் சிற்றப்பா காட்டிய கம்பெனியின் பெயரை ஈண்டுக் கூறவேண்டுவதில்லை. அதனின் வேறாய், இத்துறையில் நம் நாட்டில் எழுந்த அமகி மீடியா லாப்ஸ் என்பதனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது 2008இல் பெங்களூரில் நிறுவப்பட்டது. தொலைக்காட்சி நிலையத்தார்க்கு முகில்வழிச் சேவை அளிப்பது அதன் தொழில். பொதுமக்களுக்குப் பங்கு விற்றற்கான வரைவறிக்கையை அது 2025 ஜூலையில் செபியிடம் அளித்தது. செபி என்பது பங்குச் சந்தையை ஒழுங்கு செய்யும் அரசு வாரியம்.

அவ்வறிக்கையிலிருந்து கற்கத்தக்கன இரண்டு. 2024-25இல் அதன் வருவாய் 1,100 கோடி ரூபாய்க்கு மேல். எனினும் அவ்வாண்டு முடிவில் எஞ்சியது ஊதியமன்று, நட்டமே. அந்நட்டமும் முந்தைய ஆண்டினும் குறைந்தது. ஆகவே வருவாய் வேறு, ஊதியம் வேறு. வளர்ச்சியும் நட்டமும் ஒரே வீட்டில் ஒருங்கே குடியிருத்தல் கூடும். இரண்டாவது, 1,020 கோடி ரூபாய் புதுப்பங்குகளால் திரட்டப்படும் என்றும், அதனோடு பழைய பங்காளிகள் தம் பங்குகளிற் சிலவற்றை விற்பர் என்றும் அவ்வரைவு கூறிற்று. முன்னையது தொழிலுக்குச் செல்வது. பின்னையது விற்பார்க்குச் செல்வது. இவற்றால் அக்கம்பெனி நன்று என்றோ தீது என்றோ யான் கூறவில்லை. நட்டத்திலுள்ள தொழில் பின்னர்ச் செழித்தலும் உண்டு. வாங்குவான் இவ்விரண்டையும் அறிந்து வாங்குதல் வேண்டும் என்பதே கூறுவது.

4. ஜூம் பங்கின் ஏற்றமும் இறக்கமும்

பொருளின் நன்மையும் விலையின் நன்மையும் வேறு வேறு என்பதற்கு, இத்துறையிலேயே, உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் எரிக் யுவான் என்பார் 2011இல் தொடங்கிய ஜூம் என்னும் கம்பெனியே அது.

2019 ஏப்ரல் 18ஆம் நாள் அதன் பங்கு, 36 டாலர் விலையில், நாஸ்டாக் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டு பெருந்தொற்று உலகை வீட்டினுள் அடைத்தது. நம் வகுப்புகளும், ஆலய ஆராதனைகளும், திருமணங்களும், துக்க வீட்டு ஜெபங்களுங்கூடத் திரைவழி நிகழ்ந்தன. 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கோடியாயிருந்த கூட்டப் பங்கேற்பு, 2020 ஏப்ரலில் 30 கோடியாயிற்று. பங்கின் விலையும் ஏறி, 2020 அக்டோபரில் 560 டாலரைக் கடந்தது. அந்நாளில் அக்கம்பெனியின் முழுமதிப்பு, அதன் ஓராண்டு வருவாயைப்போல் ஐம்பது மடங்குக்கு மேற்பட்டிருந்தது. ஆண்டிற்கு 10 லட்சம் ரூபாய் வியாபாரம் நடக்கும் ஒரு டீக்கடையை 5 கோடி ரூபாய் கொடுத்து வாங்குதலை இஃது ஒக்கும். அக்கடையின் டீ எத்துணைச் சுவையுடையதாயினும், அவ்விலைக்கு அது வாங்கத்தக்கதோ?

பின்னர் நிகழ்ந்தது யாது? 2022 முடிவில் அப்பங்கின் விலை 70 டாலருக்குக் கீழ் இறங்கியது; உச்சியில் வாங்கினவன் முதலில் எட்டில் ஒரு கூறே எஞ்சியது. இஃது அக்கம்பெனி கெட்டதனாலன்று. 2020 ஜனவரியில் முடிந்த ஆண்டில் அதன் வருவாய் 62 கோடி டாலர்; அடுத்த ஆண்டு 265 கோடி; அதற்கடுத்த ஆண்டு 410 கோடி; 2023 ஜனவரியில் முடிந்த ஆண்டில் 439 கோடி. வருவாய் ஓராண்டும் இறங்கவில்லை, விலையோ வீழ்ந்தது. ஏனெனில், உச்சியில் வாங்கினோர் கொடுத்த விலை அன்றிருந்த தொழிலுக்கன்று. அதே விரைவோடு பல்லாண்டு வளரும் என்னும் எண்ணத்திற்கே. வளர்ச்சி நின்றிலது, விரைவு குறைந்தது. அதுவே போதியதாயிற்று.

மதுரை மல்லிகையை நோக்குக. முகூர்த்த நாளில் அதன் விலை ஆயிரங்களில் ஏறுகின்றது. முகூர்த்தமில்லா நாளில் நூறுகளுக்கு இறங்குகின்றது. மணமோ இரு நாளும் ஒன்றே. மணத்தைக் கொண்டு விலையை அளப்பவன் என்று வாங்கவேண்டும் என்பதனை ஒருநாளும் அறியான். மாட்டுத்தாவணியில் பூ வாங்கும் எளிய பெண்டிர் யாவரும் அறிந்த இவ்வுண்மையைப் பங்கு வாங்கும்போது நாம் மறந்துவிடுகின்றோம்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. ஜூம் டெக்னாலஜீஸ் என்னும் வேறொரு கம்பெனி இருந்தது. திரைக்கூட்டத்திற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெயரை மட்டும் கண்டு பலர் அதன் பங்கை வாங்கினர். அதன் விலையும் பன்மடங்கு ஏறிற்று. மக்கள் மயங்குகின்றனர் எனக் கண்டு, அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2020 மார்ச்சில் அப்பங்கின் விற்பனையைச் சில நாள் நிறுத்திவைத்தது. தாம் வாங்கும் கம்பெனி எது என்பதனையே அறியாமல் வாங்குவாரும் உலகில் உளர் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

5. ஆராயவேண்டுவன

மேற்கூறியவற்றால், சிறுமுதலாளர் ஒருவர் தம் உள்ளத்தைக் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு என்பது பெறப்படும்.

முதலாவது, யான் வாங்குவது யாது? கம்பெனியின் பெயரையன்று, அதன் தொழிலையும், வருவாய் வரும் வழியையும், ஊதியம் உண்டா இல்லையா என்பதனையும் அறிதல் வேண்டும்.

இரண்டாவது, என்ன விலைக்கு வாங்குகின்றேன்? நல்ல தொழில் என்பது இவ்வினாவிற்கு விடையாகாது.

மூன்றாவது, எனக்கு இதனைக் கூறுவார் யார், அவர்க்கு இதனால் வரும் பயன் யாது? 2022இல் சாதனா பிராட்காஸ்ட் என்னும் கம்பெனியின் பங்கு குறித்து யூடியூபிற் பொய்யான காட்சிகள் பரப்பப்பட்டன என்றும், அவற்றை நம்பிச் சிறுமுதலாளர் வாங்க, முன்னரே பங்கு வைத்திருந்தோர் உயர்ந்த விலைக்கு விற்றனர் என்றும் செபி 2023 மார்ச்சில் தன் இடைக்கால ஆணையிற் கூறியது. இரண்டாயிரத்துச் சொச்சமாயிருந்த சிறு பங்காளிகளின் தொகை சில திங்களில் 55,000க்கு மேற்பட்டது என்பதும் அவ்வாணையாற் புலப்பட்டது.

நான்காவது, இம்முதல் முழுதும் அழியின் என் குடும்பத்தில் எது நின்றுபோம்? இதுவே எல்லாவற்றினும் பெரிய வினா. ஓராண்டிற் கட்டவேண்டிய கட்டணமும், மருத்துவச் செலவும், நகையடகு வைத்துப் பெற்ற கடனும் பங்கிற்கு முதலாகத் தக்கனவல்ல. விலை இறங்கிய நாளிலேயே கட்டணம் கட்டும் நாளும் வருமாயின், பொறுத்திருந்தால் மீளக்கூடிய பங்கையும் நட்டத்திற்கு விற்க நேரும்.

பங்கு வாங்குதலின் வேறாய், விலை ஏறுமா இறங்குமா என்பதன்மேல் நாள் குறித்துப் பேரம் செய்யும் முன்பேர வாணிகம் ஒன்றும் உண்டு. 2022 முதல் 2024 வரை முடிந்த மூன்று நிதியாண்டுகளில் அதில் ஈடுபட்ட தனியாருள் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர் என்றும், அந்நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. அதனைப்பற்றி மாணவர்க்கு இதற்குமேற் கூறவேண்டுவதில்லை.

நம் திருமறையை அறிந்தார் சிலர், தாலந்தைப் புதைத்து வைத்தவன் கடிந்துகொள்ளப்பட்டான் அன்றோ, பொருளைப் பெருக்குதல் கடமையன்றோ என்று வினவலாம். உண்மையே. ஆயினும், அவ்வுவமையில் ஒவ்வொருவனுக்கும் அவனவன் திறமைக்குத் தக்கபடியே தாலந்து கொடுக்கப்பட்டது. மேலும், கோபுரம் கட்ட விரும்புபவன் முன்னர் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்னும் உவமையையும் அதே ஆண்டவரே அருளினார். இவ்விரண்டனையும் ஒருங்கே கொள்ளுதல் நம் கடன்.

முடிவுரை

கிறிஸ்துமஸ் விடுமுறையில் மீண்டும் திருப்பரங்குன்றம் சென்றேன். அக்கம்பெனியின் ஆண்டறிக்கையை இறக்கிக்கொண்டு, இரண்டு மாலை நேரம் சிற்றப்பாவோடு அமர்ந்து படித்தேன். அது முற்றும் ஆங்கிலம். அகராதியைத் துணைக்கொண்டு ஒவ்வொரு பகுதியாகத் தமிழிற் கூறினேன். நேர்வனவாய இடர்களைக் கூறும் பகுதி மட்டுமே பல பக்கங்கள் இருந்தது. அதனைக் கேட்டு முடித்தபின் சிற்றப்பா, “தம்பி, இவ்வளவும் இவர்களே எழுதி வைத்திருக்கிறார்களே! அந்தப் படத்தில் பேசினவர் இதில் ஒன்றுகூடச் சொல்லவில்லையே” என்றார்.

அச்சொல் என் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. ஆசை நம் மக்களுக்குத் தமிழில் வருகின்றது. எச்சரிக்கை ஆங்கிலத்தில் வருகின்றது. புதுப்பங்கு வெளியிடுவோர் தம் அறிக்கையின் சுருக்கத்தை ஒளிக்காட்சியாகவும் அளித்தல் வேண்டும் என்று செபி 2024இல் விதித்தபோதும், அதற்குக் குறித்த மொழிகள் ஆங்கிலமும் இந்தியுமே. பட்டறையில் உழைப்பவரும், பூக்கட்டி விற்பவரும், சிற்றூர் ஆசிரியரும் தம் முதலை இடுமிடத்து, அம்முதலைப்பற்றிய உண்மையைத் தம் மொழியில் அறியும் உரிமை உடையரல்லரோ? சுதேசிக் கம்பெனியின் தலைவர் தமிழ்ச் சங்கம் கண்டவர். அதனை நடத்தியவர் பிற்காலத்தில் திருக்குறளுக்கு உரை கண்டவர். தமிழ்ப் புலமையும் கம்பெனிக் கணக்கும் அவர்க்கு இருவேறு உலகமாயிருக்கவில்லை. தமிழ் பயிலும் நமக்கும் அவ்வாறிருத்தல் தகாது. பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தில் அறியாதார் வினவ அறிந்தார் விடை கூறியதுபோல, கற்றதனை எளிய தமிழில் எடுத்துரைக்கும் பணி நம்மை நோக்கி நிற்கின்றது.

சிற்றப்பா அந்த 40,000 ரூபாயை வங்கியில் வைப்புத்தொகையாக இட்டுவிட்டார். பங்கு வாங்கும் எண்ணத்தை முற்றும் விட்டாரல்லர். திங்கள்தோறும் கைக்கு மிஞ்சும் சிறுதொகையைக் கொண்டு பின்னர்ப் பார்க்கலாம் என்றிருக்கின்றார். யான் ஊருக்குப் புறப்படும் நாளில் வாயில்வரை வந்து, “அடுத்த தடவை வரும்போது வேறொரு கம்பெனியின் அறிக்கையும் கொண்டு வா, அதையும் தமிழில் கேட்டுவிடுவோம்” என்றார். அவர் நம்பிக்கை குன்றவில்லை. கணக்கிட்டுப் பார்க்கும் வழக்கம் ஒன்று அதனோடு சேர்ந்திருக்கின்றது. சிறுமுதலாளர் யாவர்க்கும் அத்தகைய நம்பிக்கை வாய்ப்பதாக.